வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்

எங்கள் கம்பெனியில் 'வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்' என்ற வாக்கியத்துக்கு இருக்கும் மரியாதை, டாக்டர் சர்டிபிகேட்டுக்குக்கூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வேலையா? வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். மேனேஜர் வீடு மாற்றுகிறார், சாமான் தூக்க ஆள் வேண்டுமா? வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். மேனேஜரும் கல்யாணமானவர்தான். அதற்கு மேல் கேள்வி கேட்க மாட்டார்.

நான் டயாலிசிஸ் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். கடல் தாண்டி ஒரு நாட்டில், ஓர் ஆஸ்பத்திரியில், ஐந்து மெஷினில் மூன்று படுத்துவிட்டன. பத்து நாள் போய் எழுப்பிவிட்டு வரவேண்டும். அந்த நாட்டைப் பற்றி நம் அரசாங்கம், 'அத்தியாவசியம் இருந்தாலொழியப் போகவேண்டாம்' என்று அறிவித்திருந்தது. எனக்கு அத்தியாவசியம் என் உயிர்.

"நான் ரெடி சார். வீட்டுல மட்டும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். நெஞ்சுக்குள் வேறு ஓடிக்கொண்டிருந்தது. மனைவி பெயரில் சொத்தை எழுதிவைக்கிறவர்கள் உண்டு. நான் என் பயத்தை எழுதிவைத்துவிடத் தீர்மானித்தேன்.

ஒன்றை நான் யோசித்திருக்க வேண்டும். என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். வருஷா வருஷம் எண்பது பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய், எண்பதையும் முழுசாகத் திருப்பிக் கொண்டுவருகிறவள்.

அன்று சாயங்காலம் அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து பெருமூச்சு விட்டேன். மூன்றாவது பெருமூச்சுக்குத்தான் நிமிர்ந்தாள்.

"என்ன, வாயுவா?"

"ஆபீஸ்ல ஒரு நாட்டுக்குப் போகச் சொல்றாங்க. ரொம்ப ஆபத்தான நாடு."

"எவ்வளவு ஆபத்து?"

"ஆளைக் கடத்திட்டுப் போறாங்களாம்."

"உங்களையா?" கேட்ட தொனியில் கடத்துகிறவர்கள் மேல் இரக்கம் இருந்தது.

"கலவரம் வேற. நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் போகல."

சிவப்புப் பேனாவை மூடினாள். "மூணு மெஷின் ஓடலைன்னா அங்க நோயாளிங்க என்ன பண்றாங்க?"

"இருக்கற ரெண்டுல மாத்தி மாத்தி ஏத்துறாங்க. வாரத்துக்கு மூணு தடவை செய்யவேண்டியது, இப்ப ஒரு தடவை."

"ஒரு தடவை போதுமா?"

"போதாது" என்றேன். என் தொழில் விஷயத்தில் மட்டும் எனக்குப் பொய் வராது.

"அப்ப பார்க்கலாம்" என்று பேனாவைத் திறந்தாள்.

மறுநாள் மாடி வீட்டு ரிட்டயர்டு போஸ்ட்மேனைப் பிடித்தேன். சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லிக்கொடுத்து அழைத்துவந்தேன். அவரும் நன்றாகத்தான் ஆரம்பித்தார்.

"அந்த நாட்டுக்கு லெட்டர் போனாலே திரும்பி வராதும்மா! மனுஷன் எப்படி வருவான்?"

"லெட்டர் போய்ச் சேர்ந்தா எதுக்கு அங்கிள் திரும்பி வரணும்? சேராததுதானே திரும்பி வரும்?"

போஸ்ட்மேன் யோசித்தார். "ஆமாப்பா, அந்த நாட்டுல டெலிவரி நல்லாவே இருக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு மாடி ஏறிப் போய்விட்டார்.

அதன்பிறகு வீடு போர்க்களம். நான் அரசாங்க அறிவிப்பின் முதல் வரியைத்தான் படித்திருந்தேன். அவள் பன்னிரண்டு பக்கத்தையும் படித்தாள். ஆபத்து எல்லைப் பக்கம், ஆஸ்பத்திரி தலைநகரில். அங்கே இருக்கும் நம் தூதரகத்தில் என் பெயரைப் பதிவு செய்தாள். பாஸ்போர்ட் நகல் பெட்டியில் ஒன்று, என் சட்டைக்குள் ஒன்று, அவளிடம் ஒன்று. அடிபட்டால் விமானத்தில் தூக்கிவரும் இன்ஷூரன்ஸ். இந்தக் கையில் இரண்டு தடுப்பூசி, அந்தக் கையில் ஒன்று. ஒரு பழைய பர்ஸில் கொஞ்சம் பணமும் காலாவதியான கார்டும் போட்டுக் காட்டினாள்.

"திருடன் வந்தா இதைக் குடுத்துடுங்க. வீரம் காட்டாதீங்க."

"காட்டமாட்டேன்."

"தெரியும். இருந்தாலும் சொல்லணும்ல. தினம் ரெண்டு தடவை போன் பண்ணுங்க. பக்கத்துல ஆள் இருந்து, ஏதோ ஆபத்துன்னா 'பூனைக்குப் பால் வெச்சியா'ன்னு கேளுங்க."

"நம்ம வீட்டுல பூனையே இல்லையே?"

"அதனாலதான்."

அவளைச் சுவர் என்று நினைத்துச் சாய்ந்தேன். அது கதவாக இருந்தது. திறந்துகொண்டது.

இனி மேனேஜர்தான் கதி. போய் நின்று, முகத்தைத் தொங்கப் போட்டு, அந்தப் புனிதமான வாக்கியத்தைச் சொன்னேன். "வீட்டுல விடமாட்டேங்கறாங்க சார்."

அவர் ஒரு தாளை எடுத்தார். "உங்க மிஸஸ் நேத்தே வந்துட்டுப் போயிட்டாங்களே! பகல்ல போய் இறங்கற விமானம், தெரிஞ்ச டிரைவர், ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளயே ரூம், நிலைமை சரியில்லைன்னா யாரையும் கேக்காம அடுத்த விமானத்துல திரும்பலாம்... மொத்தம் எட்டு நிபந்தனை. எட்டுக்கும் கையெழுத்துப் போட்டுட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல விடலைன்னு சொல்லிட்டு வருவீங்கன்னும் சொல்லிட்டுப் போனாங்க."

வீட்டுக்கு வந்தேன். அவள் என் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் பயமே இல்லையா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு?"

நான் பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இருக்கு" என்றேன்.

"இதை முதல் நாளே சொல்லியிருந்தா, ரெண்டு பேருமா உட்கார்ந்து பேசியிருக்கலாம். என் பேரை எதுக்கு இழுத்தீங்க?" மடித்த சட்டையை மறுபடி உதறி மடித்தாள். "எனக்கும் பயம்தான். உங்களுக்குப் பயம் வந்தா பெருமூச்சு விடறீங்க. நான் பேனாவை எடுக்கறேன். அவ்வளவுதான் வித்தியாசம். இப்பவும் சொல்லுங்க, போகவேண்டாம்னா வேண்டாம்."

நோயாளிகளுக்கு வாரம் ஒரு தடவைதான் என்று அன்று நான் சொன்னது எனக்கே மறுபடி கேட்டது. "அந்தப் பர்ஸை எங்க வெச்சே?" என்றேன்.

போனேன். எட்டாவது நாள் மூன்றாவது மெஷினும் எழுந்தது. அதில் முதலில் டயாலிசிஸுக்குப் படுத்த பெரியவர், பாஷை தெரியாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. பத்தாம் நாள் கைகால் முழுசாகத் திரும்பி வந்தேன்.

வந்தவனைப் பார்க்கப் போஸ்ட்மேன் இறங்கிவந்தார். கூடவே எதிர்வீட்டுத் தையல்காரர். இப்படி ஒரு சபை அமைந்தால் யாருக்குத்தான் நாக்கு நீளாது?

"நட்டநடுப் பகல்" என்றேன். "மெஷினைப் பிரிச்சுப் போட்டிருக்கேன். திடீர்னு தடதடன்னு துப்பாக்கிச் சத்தம்! அத்தனை பேரும் ஓடறாங்க. நான் இருந்த இடத்தைவிட்டு ஒரு அங்குலம் நகரல!"

"நிஜமாவா?" என்றார் தையல்காரர், வாயைப் பிளந்து.

"நிஜம்தான் அண்ணே" என்றாள் மனைவி, தண்ணீர்ச் செம்போடு வந்தபடி. "அன்னிக்கே போன்ல என்கிட்ட சொன்னாரு. கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டிருக்காங்க. அங்க இருந்த நர்ஸ் வந்து அது ஜெனரேட்டர்தான்னு சொல்றவரைக்கும், இவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு அங்குலம் நகரலையாம்."