பிரிக்காத பொட்டலம்

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. செவ்வாய், வெள்ளி என்றால் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. மலைமேல் இருக்கும் முருகன் யாரிடமும் வாய் திறந்து பேசியதில்லை. கொட்டகையில் இருக்கும் முருகவேல் சாமியோ வாயை மூடியதே இல்லை. அதனால் மலையேற வந்த கூட்டம் முதலில் இங்கேதான் எட்டிப் பார்க்கும்.

சாமியின் தொழில் பூ போட்டுப் பார்ப்பது. நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். வெள்ளைப் பூவை ஒரு தாளிலும் சிவப்புப் பூவை இன்னொரு தாளிலும் மடித்து, படத்துக்கு முன்னால் வைத்து, மனதில் ஒன்றை நினைத்து ஒரு பொட்டலத்தை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் செய். சிவப்பு வந்தால் செய்யாதே. முருகவேல் இதற்கு ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் தெய்வ குற்றம். அது அப்படியே ஹோமத் தீக்குள் போய்விட வேண்டும். ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டால் தலைவலி வரும் என்று பயமோ என்னவோ.

மாட்டை விற்கலாமா, மகளைக் கட்டிக் கொடுக்கலாமா, எல்லாவற்றுக்கும் பூ. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஹேமநாதன், வேலையை விடலாமா என்று கேட்க மின்சார ரயிலேறி வந்திருந்தார். அவ்வளவு படித்த படிப்பும் அரளிப் பூவுக்கு முன்னால் கைகட்டி நின்றது. மனை வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு மட்டும் எப்போதும் வெள்ளையே வந்தது. மனை விற்பவர் சாமியின் பாவா, அதாவது அக்கா புருஷன். இது தற்செயல். நம்புங்கள்.

இந்தக் கூட்டத்தில்தான் ரஞ்சிதமும் இருந்தார். திருவாலங்காட்டில் கரும்பு வெட்டப் போகிறவர். அவர் புருஷன் தேசப்பனுக்குச் சர்க்கரை வியாதி, கால் கட்டைவிரலில் ஆறாத புண். விரலை எடுத்துவிடலாம், தள்ளிப் போட்டால் காலுக்கு ஏறிவிடும் என்று அரக்கோணத்தில் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். ரஞ்சிதம் பூவைக் கேட்டார். சிவப்பு. புண்ணில் விபூதி பூசு, அடுத்த வெள்ளி வந்து ஒரு பரிகாரம் செய் என்றார் சாமி. அடுத்த வெள்ளியும் சிவப்பு. அதற்கு அடுத்ததும் சிவப்பு. புண்ணுக்குத்தான் பூ பார்க்கும் பழக்கம் இல்லை. அது பாட்டுக்குப் பாதிப் பாதம்வரை பரவிக் கறுத்தது.

பக்கத்து வீட்டு ரெபேக்காளுக்கு நாற்றம் எட்டியது. அரக்கோணத்தில் துணிக்கடை வைத்திருப்பவர், யார் வாய்க்கும் பயப்படாதவர். கிளம்பு திருத்தணி ஆஸ்பத்திரிக்கு என்றார். வெள்ளைப் பூ வராமல் கத்தி வைக்க விடமாட்டேன் என்று ரஞ்சிதம் அழுதார். சரி, போகிற வழியில் அந்தப் பூவையும் பார்த்துவிடலாம் என்று தேசப்பனை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்தார் ரெபேக்காள்.

ரஞ்சிதம் கும்பிட்டு ஒரு பொட்டலம் எடுத்தார். பிரித்தார். சிவப்பு. சாமி உச்சுக் கொட்டிக்கொண்டே மிச்சப் பொட்டலத்தைத் தீயில் போடக் கையை நீட்டினார்.

"இரு நைனா. அதுல வெள்ளதான இருக்கணும்? பிரிச்சுக் காட்டு, பாத்துட்டுப் போறோம்" என்றார் ரெபேக்காள்.

கொட்டகை கொதித்தது. வேதக்காரிக்கு எங்கள் சாமி விஷயத்தில் என்ன வேலை என்று எகிறினார் பச்சையப்பன், கொட்டகைக்கு ஒரு வெள்ளி தவறாதவர். புது வருடத்தில் சர்ச்சில் பைபிள் வசனச் சீட்டு எடுத்து, அதை நம்பிக் கையிலிருந்த வேலையை விட்ட என் தம்பியையும் இப்படித்தான் வெளுத்து வாங்கினேன் என்று பதில் சொல்லிவிட்டு, ரெபேக்காள் ரஞ்சிதத்தின் பக்கம் திரும்பினார்.

"எங் கடையில ஒரு ஜாக்கெட் துணி எடுக்கறதுக்கு எத்தினி பாக்கெட்ட பிரிச்சுப் போடுவ நீ? உன் வூட்டுக்காரரு காலு அத்தவிட மட்டமா பூட்ச்சா?"

ரஞ்சிதம் ஆட்டோவில் முனகிக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தார். சாமியின் கையிலிருந்து பொட்டலத்தை வெடுக்கென்று பிடுங்கிப் பிரித்தார்.

அதுவும் செவ்வரளி.

சாமி அசரவில்லை. குற்றம் செய்ததால் முருகன் கோபித்துக்கொண்டு நிறத்தையே மாற்றிவிட்டான் என்றார். பாதிக் கூட்டம் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டது. நம் ஆட்களுக்கு அதற்கு மட்டும் கை எப்போதும் தயார்.

"அப்ப மீதியயும் மாத்தட்டும், பாக்கலாம்" என்று ரஞ்சிதம் சாமி குனிந்து பொட்டலம் எடுக்கும் பெஞ்சுக்கடியில் கையை விட்டார். இரண்டு கூடைகள் வந்தன. ஹேமநாதனும் மற்றவர்களும் உட்கார்ந்து பிரிக்கப் பிரிக்க, ஒரு கூடை முழுக்க வெள்ளை, மற்றது முழுக்கச் சிவப்பு. கேள்வியைக் கேட்ட பிறகுதான் இரண்டு பொட்டலத்தையும் எந்தக் கூடையிலிருந்து எடுப்பது என்பது முடிவாகும். மனை என்றால் வெள்ளைக் கூடை. ஆஸ்பத்திரி என்றால் சிவப்புக் கூடை. குணமாகிப் போனவன் பரிகாரத்துக்குத் திரும்பி வருவானா?

எல்லோரும் தலை நிமிர்ந்தபோது சாமியைக் காணோம். கிளம்பிக்கொண்டிருந்த திருப்பதி பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய்விட்டார். பூ போட்டுப் பார்த்துவிட்டு ஏறியதாகத் தெரியவில்லை.

ஒரு விரலோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பாதிப் பாதத்தோடு முடிந்தது. இன்னும் தள்ளியிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர். ரஞ்சிதம் வராந்தாவில் உட்கார்ந்து வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதார்.

மறுவாரம் பச்சையப்பன் சாத்துக்குடியோடு பார்க்க வந்தார். ரொம்ப வருத்தப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, நகரியில் புதிதாகப் பூ போடும் சாமி ஒருவர் வந்திருக்கிறாராம், இரண்டு பொட்டலத்தையும் பிரித்தே காட்டுகிறாராம், ஒரு நடை போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார்.

ரஞ்சிதம் எழுந்து, தேசப்பனின் காலை மூடியிருந்த போர்வையை விலக்கினார்.

"இத்த நல்லா பாத்துக்கினு போண்ணா. அப்பறமா நீயே யோசி."

பச்சையப்பன் யோசித்தாரா என்று தெரியாது. உங்களுக்குத்தான் கேள்வி. கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறதே, அது பூ வைக்கவும் மொட்டை போடவும் மட்டும்தான் என்று உங்களுக்கு யாரய்யா சொன்னது?