மீசெட் மாமாவின் ஒரே கேள்வி

பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் யாங்கூனுக்கு வந்திருந்தாலும் மீசெட் மாமாவைத் தாண்டி எங்கள் சபைக்குள் நுழைந்திருக்க முடியாது. வாசலிலேயே நிறுத்தி, "யாரு சொன்னா?" என்று கேட்டிருப்பார்.

மீசெட் என்றால் எங்கள் ஊரில் ஜெனரேட்டர். எங்கள் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்ட்டில் மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஆகவே ஆராதனை நடந்தது கர்த்தரின் கிருபையாலும் மாமாவின் கையாலும். அவருடைய சொத்துகள்: ஸ்பானர், வேதாகமம், அந்தக் கேள்வி.

ஒரு கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகையில், "குழந்தை இயேசுவைப் பாக்க வந்த சாஸ்திரிங்க மூணு பேருன்னு யாரு சொன்னா? காணிக்கைதான் மூணு. ஆளை எண்ணி எழுதலையே!" என்றார். உடனே எல்லாரும் சாஸ்திரி வேஷம் கேட்டார்கள். அந்த வருடம் பெத்லகேமில் ஆடுகளைவிடச் சாஸ்திரிகள் அதிகம்.

சபை மூப்பருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் மூப்பர் வேதாகமத்தை உயர்த்தி, ஆதிச் சபையார் இந்தப் புத்தகத்தை வைத்தே நடந்தார்கள் என்று முழங்கினார்.

"எந்தப் புத்தகம், சயா?" என்று பர்மிய மரியாதையோடு ஆரம்பித்தார் மாமா. "அப்போ புதிய ஏற்பாடே ஒண்ணா சேரலை. ஒரு கடுதாசி கொரிந்துல, இன்னொண்ணு ரோமாபுரியில."

"பின்ன எதை வச்சு நம்புனாங்க?"

"பாத்தவங்களைத் தேடிப் போய்க் கேட்டாங்க. அவங்க செத்ததும், அவங்க வாயால கேட்டவங்களைக் கேட்டாங்க."

"அப்புறம் மூப்பர் சொன்னதைக் கேட்டாங்க!"

"கேட்டாங்க. அந்த மூப்பர் யாருகிட்ட கேட்டாருன்னும் கேட்டாங்க."

ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் பேசும்படி வாலிபர் சங்கம் என்னைக் கேட்டது. இயந்திரப் பொறியியல் படித்தவளுக்கு முதல் பிரசங்கம். ஆசையாகத் தயாரித்தேன். மூப்பர் மறுத்துவிட்டார்.

"பொம்பளைங்க சபையில பேசக் கூடாதுன்னு பவுல் எழுதியிருக்காரு. நானே பேசுறேன்."

"உயிர்த்தெழுந்தாருன்னு பவுலுக்கு முன்னாடி வந்து சொன்னது எந்த ஆம்பளை?" என்றார் மாமா. மூப்பருக்கு அன்று காது கேட்கவில்லை.

ஈஸ்டரன்று மின்சாரம் இல்லை. மூப்பர் "பிரியமானவர்களே" என்றதும் மீசெட் நின்றது. மாமா கயிற்றை இழுத்தார், ஓடியது. "பிரியமானவர்களே." மறுபடி நின்றது.

"இஞ்சினியர்தானே, போய்ப் பாரும்மா!" என்று மூப்பர் என்மேல் பாய்ந்தார்.

கொல்லையில் மாமா லோஞ்சிக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பரமசாதுவாக உட்கார்ந்திருந்தார்.

"மாமா, பெட்ரோல் குழாயை மூடி வச்சிருக்கீங்க."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. நானே பாத்தேன்."

"அப்போ நீதான் சாட்சி. சாட்சிதான் உள்ள போய்ப் பேசணும். போ பாப்பா, வெளிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

மூப்பர் குரலை இந்த இயந்திரம் தாங்காது என்று உள்ளே போய் அறிக்கை கொடுத்தேன். "அப்போ நீயே பேசித் தொலை" என்று அவர் பரிசுத்தமாக ஆசீர்வதித்து இறங்கினார். கல்லறைக்குப் போய், உயிர்த்தெழுந்தவரை முதலில் பார்த்து வந்து சொன்ன மகதலேனா மரியாளிலிருந்து ஆரம்பித்தேன். முடிக்கும்வரை மீசெட் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

மாமா இப்போது ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில், மகள் வீட்டில். சபைக் கூரையில் சோலார் வந்துவிட்டது. நான் இன்றும் பிரசங்கம் எழுதினால், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைச் சொன்னவர் பெயரைக் குறித்துவிடுகிறேன். பேச எழும்போது மட்டும், எங்கும் எழுதாத ஒரு வரி நினைவுக்கு வரும்: வெளிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். சொன்னது மீசெட் மாமா. நானே கேட்டேன்.