சாம்பல் என்று எழுதிய பேணி

கனமூலை,
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

கண்ணியத்துக்குரிய மச்சான் நஸீர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான், தங்கள் தங்கச்சி நிஸ்மியா, ஒரு கோழி ஆகிய மூவரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். தங்களுக்கும் பரீனாவுக்கும் பிள்ளைகளுக்கும் அவன் அதே சுகத்தைத் தரட்டும். தங்கள் பிரஷர் ஏறாமலிருக்க இன்று தனியாக ஒரு துஆவும் கேட்டேன். ஏன் என்பது கீழே வரும். போனில் சொன்னால் நீங்கள் இடையில் கத்துவீர்கள். கடிதம் என்றால் நான் சொல்லி முடித்த பிறகுதான் கத்த முடியும்.

விஷயம் தங்கள் வரிக் கத்தரி. ஆட்டிறைச்சியோடு ஆக்கினால் எல்லோரும் இறைச்சியை ஒதுக்கிவிட்டுக் காயை அள்ளுகிற அந்தக் கத்தரியை இருபது வருஷமாக, நல்ல காயாகப் பார்த்துச் சிவப்புத் துணி கட்டி, செடியிலேயே பழுக்கவிட்டு விதை எடுத்து வந்தீர்கள். தங்கள் ஊர் வண்ணாத்திவில்லில் யானைத் தொல்லை கூடியதும், பத்திரமாக வைத்துத் திருப்பித் தரும்படி பாதி விதையை என்னிடம் அமானிதமாகத் தந்தீர்கள். பயந்தபடியே யானை வந்து தோட்டத்தையும் விதை வைத்திருந்த குடிலையும் துவைத்துவிட்டுப் போனது. மிஞ்சியதெல்லாம் என் வீட்டுக் குசினியில் இருந்ததுதான். கனமூலைக்கு யானை வராது என்று நீங்கள் நினைத்தது சரிதான், வரவில்லை. தங்கள் தங்கச்சி ஏற்கனவே இங்கே இருப்பதைத்தான் நாம் இருவரும் யோசிக்கவில்லை.

அவளைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கேட்டவருக்கும் கொடுப்பாள், கேட்காதவரைக் கூப்பிட்டும் கொடுப்பாள். சென்ற வருஷம் என் பயற்றங்காய் விதையை மீன்காரன் வரைக்கும் கொடுத்துவிட்டாள், கடைசியில் நானே மீன்காரனிடம் போய் இரண்டு கை வாங்கி வந்தேன். ஆகவே இம்முறை, நீங்கள் சொன்னபடி விதையைச் சாம்பலில் புரட்டிப் பால்மாத் தகரப் பேணியில் போட்டதும், அவள் கண்ணில் படாமலிருக்க ஒரு தந்திரம் செய்தேன். பேணியின் மேல் பெரிய எழுத்தில் ‘சாம்பல்’ என்று எழுதி ஒட்டினேன். பொய்யில்லை, மச்சான், உள்ளே முக்கால்வாசி சாம்பல்தானே. ஆனால் எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு வந்ததிலிருந்து சாம்பல் என்பது குங்குமப்பூ மாதிரி ஆகிவிட்டதை மறந்துபோனேன். நோன்பு முடிந்த மறுநாள் பள்ளிவாசல் கஞ்சிக் கிடாரத்தில் அடிப்பிடித்ததைத் தேய்க்கச் சாம்பல் இல்லை என்று யாரோ சொல்ல, தங்கள் தங்கச்சி பேணியோடு அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டாள். தங்கள் அமானிதம் தானமாய், ஸதகாவாகிவிட்டது. கிடாரம் மட்டும் கண்ணாடியாகப் பளபளக்கிறது.

காலிப் பேணியைப் பார்த்து நான் கத்தியபோது அவள் சொன்ன பதில் இது: “ஒரு பேணி சாம்பல ஒளிச்சு வெக்கிற மனுசன இப்பதான் பாக்கிறன். வெத இரிக்கின்டு எழுதியிருந்தா நான் என்னத்துக்குக் கிடாரம் தேய்க்கக் குடுக்கப் போறன்?” இதற்கு ஒரு பதில் உங்களிடம் இருந்தால் எழுதவும்.

உடனே அரிதட்டோடு பள்ளிவாசலுக்கு ஓடினேன். கிடாரம் கழுவிய தண்ணீர் போகும் கானோரம் குந்தி மண்ணை அரித்துக்கொண்டிருந்தேன். பாங்கு சொல்லும் மோதினார் நஜாத் வந்து, “என்ன சேர் தேடுறீங்க?” என்றார். ஊருக்குத் தெரிந்தால் உங்களுக்கும் எட்டிவிடுமே என்ற பயத்தில், “ஒரு சின்னச் சாமான், விலை மதிக்கேலாத சாமான்” என்றேன். அந்த நல்ல மனிதர் அதை மோதிரம் என்று தீர்மானித்து, நான் தடுப்பதற்குள் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்: “ஸலாஹுதீன் சேர்ட தங்க மோதிரம் காணாமப் போயிட்டு. கண்டெடுக்கிறவங்க ஒப்படைக்கவும்.” இருபது பேர் வந்து கானை மிதித்து மண்ணைச் சேறாக்கினார்கள். மோதிரம் கிடைக்கவில்லை, எப்படிக் கிடைக்கும்? ஆனால் ஆம்பிளைக்கு எதுக்குத் தங்க மோதிரம், அது ஹராமில்லையா என்று எனக்கு மூன்று பேர் தனித்தனியாக மார்க்கம் சொன்னார்கள். இரண்டு வாரமாகியும் அந்தப் பேச்சு அடங்கவில்லை, வரும் ஜும்ஆவில் பயான் பிரசங்கமே அதைப் பற்றித்தான் என்று கேள்வி.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். புத்தளம் டவுனுக்குப் போய்க் கத்தரி விதைப் பக்கெட் ஒன்று வாங்கி, சாம்பலில் புரட்டி உங்களிடமே தந்துவிடலாம் என்று ஷைத்தான் சொன்னான், நானும் கேட்டேன். கடைவிதைக்கு ரோஸ் நிறத்தில் மருந்து பூசியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. எவ்வளவு சாம்பல் போட்டாலும் கல்யாண வீட்டு மிட்டாய் மாதிரியே இருந்தது. நிஸ்மியா எட்டிப் பார்த்து, “நஸீர் நானா வெதைய மோந்து பாத்தே ஊர் பேர் சொல்லுவாரு, வெக்கங்கெடப் போறீங்க” என்றாள். கோழி கூடக் கிட்ட வரவில்லை.

மச்சான், எனக்கு உண்மையிலேயே மனம் சரியில்லை. யானை தின்றால் அது பசிக்குத் தின்றது என்று சொல்லலாம். நான் கஞ்சத்தனத்தால் அழித்தேன். சிறுபோகத்துக்கு நாற்று மேடை போட வெள்ளிக்கிழமை விதை எடுக்க வருவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து வரவேண்டாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாருங்கள், அதற்குள் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும். என் பிழையைப் பொறுத்து ஹலாலாக்கிவிடுங்கள். அல்லாஹ் உங்கள் தோட்டத்தில் பரக்கத்தையும் யானைக்கு வேறு வழியையும் காட்டுவானாக. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
தங்கள் முகத்தில் விழிக்கக் கூசும் மச்சினன்,
ஸலாஹுதீன்

பி.கு: மேலே எழுதியதில் ஸலாத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். மஃரிப் தொழுகைக்குப் போனபோது நஜாத் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், வெட்கத்தில் நான் அன்றிலிருந்து எட்டிப் பார்க்காத கானோரத்தைக் காட்டினார். இருபது பேர் மிதித்த அதே சேற்றில் கத்தரிக் கன்றுகள், முந்நூறாவது இருக்கும். தண்டில் உங்கள் கத்தரியின் அதே ஊதா நரம்பு! எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து மோதிரம் கிடைத்துவிட்டதாக நஜாத் நினைக்கிறார். ஆனால் எனக்கு முன்னமே தங்கள் தங்கச்சி அங்கே நின்று, கன்றுகளைப் பேப்பரில் சுற்றி ஊருக்கே பங்கு வைத்துக்கொண்டிருந்தாள். அமானிதம், அமானிதம் என்று நான் பதறியதற்கு அவள் சொன்னாள்: “ஒரு ஊட்டுல வெச்சா ஒரு யானை போதும். நாப்பது ஊட்டுல வெச்சா எத்தின யானை வரணும்?” உங்கள் பங்கை அந்தப் பேணியிலேயே மண் போட்டு நட்டு வாசலில் வைத்திருக்கிறாள். நான் எழுதியதை வெட்டிவிட்டு அவள் எழுதியிருப்பது: ‘நஸீர் நானாட கத்தரி. கேட்டாக் குடுக்கப்படும்.’ இப்பவே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இக்கடிதத்தை பஸ் கண்டக்டர் கையில் தருகிறேன், வெள்ளிக்கிழமை வரை காத்திராமல் அதே பஸ்ஸில் வந்துவிடுங்கள்.