செல்லப்பனுக்கு விரல்கள் இல்லை

இத்தகைய வரலாறுகளில் அதிகாரியின் பெயர் வரும். மருத்துவரின் பெயர் வரும். அதிர்ஷ்டமிருந்தால் பிணத்தின் பெயரும் வரும். பிணத்தைக் கழுவியவளின் பெயர் மட்டும் வந்ததில்லை. அவள் பெயர் காளியம்மா. ஜொகூர் பாருவில் ஓர் ஆஸ்பத்திரிப் பிணவறையில் பதினெட்டு ஆண்டுகளாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றில் அங்கே ‘அடையாளம் காணும் இலாகா’ உதயமாயிற்று. இலாகா என்பது பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, சதாசிவம் ஒருவரே. சிங்கப்பூரில் ஆறு வாரம் தங்கிக் கைரேகை சாஸ்திரம் பயின்று, ஒரு பூதக்கண்ணாடியோடு திரும்பியிருந்தார். ஒரே மாதத்தில் ஊரிலுள்ள கிராணிமார் கழுத்திலெல்லாம் பூதக்கண்ணாடி தொங்கியது. ஒருவர் சந்தையில் கெளுத்தி மீனின் வயதை அதைக்கொண்டு ஆராய்ந்ததாகவும் கேள்வி.

ஒரு திங்கட்கிழமை ரயில் நிலையத்தருகே ஒருவர் மயங்கி விழுந்து இறந்தார். பக்கத்தில் பச்சைத் துணி ஒட்டுப்போட்ட கறுப்புக் குடை. சதாசிவம் பத்து விரல்களிலும் மை தடவிக் காகிதத்தில் பதித்தார். பத்துக் கறுப்புப் பொட்டுகள் விழுந்தன, ரேகை ஒன்றுமில்லை. ‘மேற்படி நபருக்கு விரல்கள் இல்லை’ என்று எழுதினார்.

“பத்தும் இருக்கே கிராணி ஐயா, எண்ணிப் பாருங்க.”

“ரேகை பதியாத விரல் சட்டப்படி விரல் ஆகாது, காளியம்மா.”

“இது எஸ்டேட் ஸ்டோர்ல வேலை செஞ்ச கை லா. ரப்பர் பாலு உறையத் திராவகம் ஊத்துவாங்க, அது விரலைத் தின்னுரும். ஆஸ்பத்திரி மருந்துத் தண்ணி என் கையையும் அப்படித்தான் ஆக்கிருச்சு. மடியில லாயாங் லாயாங் ஊருக்குத் திரும்புற ரயில் டிக்கெட்டு வேற இருக்கு.”

“டிக்கெட் பயணத்துக்கு அடையாளம், மனிதனுக்கு அன்று.”

காளியம்மா அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. லாயாங் லாயாங்கில் விசாரிக்கும்படி ரயில் கார்டிடம் சொல்லி அனுப்பினாள். ஸ்டோர்க்காரர் செல்லப்பனைக் காணோம் என்று பதில் வந்தது. வியாழனன்று அவர் மனைவி ராஜம்மாவே வந்து சேர்ந்தாள். முகத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அடையாளம் தெரியாதவர்களை வெள்ளிக்கிழமை பொதுக்குழியில் இறக்குவது விதி.

“மனைவி என்பதற்கு அத்தாட்சி?” என்றார் சதாசிவம்.

“தாலி இருக்குங்க.”

“கட்டியவர் வந்து, தாம்தான் கட்டியதாகக் கையொப்பமிட வேண்டும்.”

“அவருதாங்க இங்க படுத்திருக்காரு!”

“அப்படியானால் காத்திருக்கலாம்.”

“இந்தக் குடை எங்களுதுங்க. ஒட்டு நான் தைச்சது.”

“குடையைத் தாராளமாக அடையாளம் காட்டலாம். ஆனால் இறந்தது குடையன்று. இலாகா ஏட்டில் மூவாயிரம் பேர் இருக்கிறார்கள், எல்லோரும் குற்றவாளிகள். உங்கள் கணவர் ஏதாவது...?”

“யாரோட பொருளையும் தொடாதவருங்க!”

“அதுதான் சங்கடம். யோக்கியருக்கு இலாகாவில் ஏடு கிடையாது.”

காளியம்மா அவளை வெளியே அழைத்துவந்தாள்.

“குடை யாரு வாங்கினது?”

“நான்தான்க்கா.”

“உன்னைக் கேட்டா எடுத்துட்டு வந்தாரு?”

“மழை தூறுச்சு, எடுத்துட்டு வந்துட்டாரு.”

“அப்ப திருட்டுத்தான்.”

“அக்கா! செத்த மனுசனைப் போயி திருடன்னு சொல்லவா?”

“அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. நாளைக்குக் குழியா, இன்னிக்குக் கொள்ளியா? நீயே சொல்லு.”

ராஜம்மா மூக்கைச் சிந்திவிட்டு, எதிரேயிருந்த போலீஸ் நிலையத்தில் போய்ப் புகார் கொடுத்தாள். அரை மணியில் இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்து குடையைக் கண்டுபிடித்தார்கள். சதாசிவம் அதன் கைப்பிடியைக் கால் மணி நேரம் பூதக்கண்ணாடியால் பரிசீலித்து, பரவசத்தோடு எழுதினார்: ‘திருட்டுப் பொருள் எவரிடம் உள்ளதோ அவரே திருடர். குடையின் திருடர் செல்லப்பன். ஆகவே இவர் செல்லப்பன். விரல்கள் பத்து. தலைமறைவாகும் அபாயம் இல்லாமையால் இவர் புகார்தாரரின் பொறுப்பில் ஒப்படைக்கப்படுகிறார்.’

அன்று மாலையே ராஜம்மா கணவனுக்குக் கொள்ளி வைத்தாள். தூறலாயிருந்தது. குடை பிடித்தவள் காளியம்மா.

செய்தி பரவிற்று. தோட்டங்களிலிருந்து ஸ்டோர்க்காரர்கள் கூட்டங்கூட்டமாக வந்து, ஒருவர்மேல் ஒருவர் திருட்டுப் புகார் கொடுத்துக்கொண்டார்கள். ஒரு வாளி, ஒரு தேங்காய், அரை முழக் கயிறு. “நாளைக்குச் செத்தா வேணுமில்ல?” என்றார்கள். பிறகு பள்ளிக்கூட வாத்தியார்களும் கௌரவமாக வந்து, தங்களைத் திருடர்களாகப் பதிந்துகொண்டு போனார்கள். திருடர்களை இவ்வளவு பெருக்கிய சேவையைப் பாராட்டிச் சதாசிவத்துக்கு இன்னும் பெரிய பூதக்கண்ணாடி வழங்கப்பட்டது.

காளியம்மாமேல் மட்டும் திருட்டுப் புகார் கொடுக்க எவருக்கும் தோன்றவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து அவள் தம்போய் சாலையில் விழுந்து இறந்தாள். அதே மேசைக்குக் கொண்டுவந்தார்கள். சதாசிவம் அவளை நன்றாக அறிந்தவர். ஆனால் அறிவது வேறு, அடையாளம் காண்பது வேறு. மை தடவினார். பத்துக் கறுப்புப் பொட்டுகள். ‘அடையாளம் தெரியாத பெண். விரல்கள் இல்லை’ என்று எழுதிவிட்டு, கழுவக் காளியம்மாவைக் கூப்பிடச் சொன்னார்.

யாரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை அவளைக் கழுவாமலே பொதுக்குழியில் புதைத்தார்கள்.