தாம்பரத்துக் கொரியன்

"கொரியன் எனக்குத் தெரியும் சார்" என்று மெர்வின் சொல்லிவிட்டான். புனே கிளைக்கு அவனை மாற்றப்போகிறார்கள் என்று காதில் விழுந்து அரை நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் அவனுக்கு நிர்வாகப் பிரிவில் வேலை. திங்கட்கிழமை ஹான் என்ற கொரிய ஜி.எம். வருகிறார்.

"மீட்டிங்குக்கு செல்போன் ட்ரான்ஸ்லேஷன் இருக்கு. கூடவே நடந்து பேச ஆள் வேணும்" என்றார் எச்.ஆர். மேனேஜர் சுகுமார். "ஆயுத பூஜை வரைக்கும் பாப்போம். அவருக்குப் பிடிச்சா புனே கேன்சல்."

கிழக்குத் தாம்பரம் வீட்டில் அவன் மனைவி எப்சி இதைக் கேட்டுத் தலையில் கை வைத்தாள். அவளுக்கு இங்கேதான் டீச்சர் வேலை.

"நாகர்கோவிலை விட்டு வந்து பத்து வருஷமாச்சு, இன்னும் ஆட்டோக்காரர் பேசறதே உங்களுக்குப் புரியல. கொரியனா?"

"வழி இருக்கு. கொரியன்ல பாதி வார்த்தை சீன எழுத்துலேருந்து வந்தது. நம்ம வித்யாலயம், போஜனாலயம் மாதிரி. வேர் தெரிஞ்சா போதும், ஒட்டிக்கிட்டே போகலாம். சிக்னா சாப்பாடு. சில்னா ரூம்."

"அப்ப கேன்டீன்?"

"சிக்சில்."

"கிச்சன்?"

மெர்வின் யோசித்தான். "அதுவும் சிக்சில்."

"சமைச்சதை எடுத்துக்கிட்டு எந்த ரூமுக்குப் போவாங்க?"

மெர்வின் அன்று மாலைதான் வாங்கியிருந்த கொரியன் புத்தகத்தை மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினான்.

திங்கட்கிழமை லிஃப்ட் வாசலில் முதல் சோதனை. லிஃப்டுக்குக் கொரியனில் என்ன? ஜொன் என்றால் மின்சாரம். மெர்வின் துணிந்து லிஃப்டைக் காட்டினான். "ஜொன்சில்."

ஹான் கண்களை விரித்தார். "ஜொன்சில்" என்று மெதுவாகத் திருப்பிச் சொல்லித் தலையாட்டினார்.

அங்கீகாரம் கிடைத்துவிட்டது. அன்று மாலை ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் தாண்டியதும் கார் நெரிசலில் நின்றுபோனது. தா என்றால் நிறைய, சா என்றால் வண்டி. "தாச்சா" என்றான் மெர்வின். "தாச்சா" என்றார் ஹான் பரவசமாக. டிரைவர் வில்பிரட் கண்ணாடியில் இருவரையும் பார்த்துவிட்டு ஹாரனை அழுத்தினான்.

இருபதே நாளில் கூட்டத்துக்கு தாயின், விருந்துக்கு தேசிக், பாத்ரூமுக்கு சுசில் எல்லாம் பிறந்துவிட்டன. ஹான் பதிலுக்குச் சொந்தமாகப் பேசினால் மட்டும் மெர்வினுக்கு ஒரு எழுத்தும் புரிவதில்லை. உடனே போன் வந்ததுபோல நகர்ந்துவிடுவான்.

இருவரும் பேசிக்கொள்வதைத் தூரத்திலிருந்தே பார்த்த சுகுமார் அசந்துபோனார். "பிரமாதம் மெர்வின். ஆயுத பூஜைக்கு ஜி.எம். பேசட்டும். நீங்க தமிழ்ல சொல்லுங்க."

"எனக்குத் தொண்டை சரியில்ல சார்."

"அதுக்கென்ன, நல்ல மைக்கா வெச்சுடலாம்."

பூஜையன்று இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். மெர்வின் பொரிப் பொட்டலத்தோடு பக்கத்தில் நின்றான். ஹான் மைக்கைப் பிடித்தார்.

"தாயின்… சிக்சில்… தேசிக்."

மெர்வினுக்கு நம்ப முடியவில்லை. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். கேன்டீன்ல இன்னைக்கு விருந்து" என்றான்.

"ஜொன்சில்… தாச்சா… தாச்சா."

"லிஃப்டுக்காக நிக்காதீங்க. ரோட்டுல நெரிசல் அதிகம். எல்லாரும் மத்தியானமே கிளம்பலாம்."

கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. சுகுமார் அவன் தோளைத் தட்டினார். "புனேக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். கொரியன்ல இவ்ளோ சரளமா?"

மெர்வின் அடக்கமாகச் சிரித்தான். அவர் நகர்ந்ததும் வில்பிரட் பக்கத்தில் வந்தான்.

"இன்னா சார், எச்.ஆர். சார் கொரியன்னு சொல்றாரு? மெர்வின் சொல்லிக்குடுத்த தமிழ்ல பேசப்போறேன்னு ஹான் சார் செல்போன் ட்ரான்ஸ்லேஷன்ல என்கிட்ட சொன்னாரு. காலைலேருந்து வண்டில மனப்பாடம் பண்ணிகினு வந்தாரு. எனக்கு ஒண்ணுமே புரியல. அது உங்க நாகர்கோவில் தமிழா சார்?"