முன் சீட்டில் முனி

வெள்ளிமலைக்குப் போகிற ஜீப்பில் முன் சீட்டு கிடைப்பது லேசான காரியம் அல்ல. வாத்தியார், வனத்துறைக்காரர், கல்யாண மாப்பிள்ளை என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. மற்றவர்கள் பின்னால் கோழி, சாமை மூட்டை, மண்ணெண்ணெய் டின் ஆகியவற்றோடு நெருங்கி உட்கார்ந்தோ, பின்பலகையில் தொங்கியோ மலையேற வேண்டும். எண்பத்தேழாம் வருடம் கார்த்திகை மாதத்தில், தனசேகரனின் ஜீப்பில் அந்த முன் சீட்டு ஓர் எலுமிச்சம்பழத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

சும்மா பழம் அல்ல. மஞ்சள் துணி விரித்து, குங்குமம் தடவி, மாலை சாத்திய பழம். கைக்குழந்தையோடு ஏறிய அம்சவள்ளி பின்பலகையில் ஒரு காலை ஊன்றித் தொங்கிக்கொண்டு வந்தாள். பழம் சாய்ந்து உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு வந்தது.

"கொழந்தைய மட்டுமாச்சும் முன்னாடி குந்த வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"அய்யய்யோ! அது முனி சீட்டு தாயி. குந்தினா ரத்தம் கக்கும்" என்றான் தனசேகரன். அவன் கெட்டவன் அல்ல. பயந்தவன்.

முனிக்கு ஜீப்பில் என்ன வேலை என்று கேட்கலாம். அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கதை.

இரண்டு மாதம் முன்பு இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கும் இடம் கொடு என்று ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். மரங்கள் விழுந்தன, வடமாவட்டங்களில் மனிதர்களும் விழுந்தார்கள். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் சில வளைவுகள் ஏறியதும், கீழே கோமுகி அணை தெரிகிற இடத்தில் ஒரு பெரிய புளியமரம் நின்றது. அதையும் வெட்டினார்கள். வெட்டிய மரத்தைக் கயிறு கட்டிக் குறுக்கே இழுத்துப் போட்டது தனசேகரனின் ஜீப்.

மறியல் முடிந்தது, பாதை திறந்தது. சில நாளில் ஒரு சங்கதி நடந்தது. ஜீப் மலையேறி அந்த வளைவுக்கு வந்ததும், ஸ்டியரிங்குக்கு எதிரே பலகையில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. அது ஆயில் விளக்கு. எஞ்சினுக்குள் எண்ணெயின் அழுத்தம் குறைந்தால் எரிய வேண்டியது. தனசேகரன் இறங்கி எண்ணெயை அளந்து பார்த்தான். நிறைய இருந்தது. புது எண்ணெயே மாற்றினான். மறுநாளும் அதே வளைவு, அதே விளக்கு.

எண்ணெய் இருக்கிறது, விளக்கும் எரிகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது யார்? முனிதான்! இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் சடையன் பூசாரி.

"புளியமரம் முனியோட வூடுடா. வூட்ட வெட்டிட்டு அவர நடுரோட்டுல வுட்டீங்க. உன் வண்டில தான மரத்த கட்டி இழுத்த? அதான் ஏறிக்கினாரு. அந்த செவப்பு வெளிச்சம் இன்னான்னு நெனச்ச? கண்ணு!"

தனசேகரன் அப்போதே நம்பிவிட்டான். வெட்டின நூறு பேரை விட்டுவிட்டு இழுத்த ஒரு வண்டியை முனி பிடித்ததில் என்ன நியாயம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. முனிக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

அன்றே வெட்டிய அடிமரத்துக்குப் பாவாடை கட்டியாயிற்று. பக்கத்தில் உண்டியலும் முளைத்தது. ஜீப் அந்த வளைவில் வந்து நின்றதும், எரிகிற கண்ணைக் காண ஜனம் முண்டியடிக்கும். சூளாங்குறிச்சியிலிருந்து வந்தார்கள், மணலூர்பேட்டையிலிருந்தும் வந்தார்கள். எஞ்சினை நிறுத்தச் சொல்லிப் பூசாரி மூடியைத் திறப்பார். உடுக்கை அடிப்பார், மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார், கோழி அறுப்பார், ஆடுவார், இளைப்பாறுவார், மறுபடி ஆடுவார். நல்ல மலைக்காற்று. கடைசியில் "வண்டிய எடு" என்பார். எடுத்தால், ஆச்சரியம்! விளக்கு அணைந்திருக்கும்.

"முனி தூங்கிட்டாரு!"

ஜனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். சூடேறிய எஞ்சின் ஆறியதைத் தவிர அங்கே வேறெதுவும் நடக்கவில்லை என்பது ஒருவர் காதிலும் விழாத அளவுக்கு உடுக்கைச் சத்தம் பலமாக இருந்தது.

தினம் ஒரு பூசை என்றால் யாருக்குக் கட்டும்? அவசரக்காரர்கள் சுப்புராயன் ஜீப்புக்கு மாறினார்கள். சுப்புராயன், பூசாரியின் மனைவிக்குத் தம்பி. இருவர் ஜீப்பும் ஒரே ஏலத்தில் எடுத்த பழைய வண்டிகள். ஆனால் முனிக்கு மச்சான் வண்டி பிடிக்கவில்லை. பிறகு ஒரு நாள் பூசாரிக்கு அருள் முற்றியது. வரும் அமாவாசையன்று தனசேகரன் ஜீப்புச் சாவியை அடிமரத்தில் வைத்துவிட வேண்டும். முனியின் வண்டியை முனிக்காக இனி சுப்புராயன் ஓட்டுவான். இல்லையென்றால் முனி தனசேகரனை ஒரு வளைவில் வண்டியோடு உருட்டிவிடுவார்.

அன்று வீட்டுக்கு வந்த தனசேகரன் சாப்பிடவில்லை. அவன் மனைவி பெரியநாயகி சாப்பிட்டாள். அவள் நகைகளெல்லாம் அந்த ஜீப்பாக மாறியிருந்தன. ஜீப்பும் போனால் பசியோடுதான் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏன்யா, வண்டிக்கு ஒடம்பு சரியில்லன்னா மெக்கானிக்குகிட்ட காட்டாம, எவனாச்சும் பூசாரிகிட்ட காட்டுவானா?"

"இது ஒடம்பு இல்லடி. ஆவி."

"ஆவியோ பூவியோ, பக்கீர் பாய் ஒருவாட்டி பாக்கட்டும்."

பக்கீர் முகமது கள்ளக்குறிச்சியில் வண்டிச் சாமான் கடை வைத்திருப்பவர். எஞ்சின் பக்கவாட்டில் திருகியிருந்த கட்டைவிரல் பருமன் பித்தளைச் சுவிட்சைக் கழற்றினார். அந்த ஓட்டையில் முள் மீட்டர் ஒன்றை மாட்டி, வண்டியைச் சூடேறும்வரை ஓடவிட்டுப் பார்த்தார்.

"அழுத்தமெல்லாம் நல்லா கீது. இந்தச் சுவிட்சுதான் கெட்டுப்போச்சி. மலையேறி சூடு ஏறினா உள்ள ஒட்டிக்குது, பொய் சொல்லுது. ஆறினா உண்மைய சொல்லுது. புதுசு மாட்டினா சரியாப்பூடும்."

தனசேகரன் பின்வாங்கினான். "வாணாம் பாய். புதுசு போட்டா அணைஞ்சிடும். அணைஞ்சா, முனி கோவிச்சுக்கினு உள்ள பதுங்கிக்கினாருன்னு பூசாரி சொல்லுவாரு. எரிஞ்சாலும் முனி, அணைஞ்சாலும் முனி. நான் இன்னா பண்றது?"

பெரியநாயகி பழைய சுவிட்சைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாய், இத வேற வண்டில மாட்டினா?"

"சூடாச்சின்னா அங்கயும் எரியும்."

"யார் வண்டின்னாலும்?"

"கலெக்டர் வண்டின்னாலும்."

"அப்ப இதையே திரும்ப மாட்டிடுங்க. அமாவாசைக்கு நீங்களும் ஸ்பேனரோட மலைக்கு வாங்க" என்றாள்.

அமாவாசை காலையில் வளைவு நிரம்பி வழிந்தது. சாவி கைமாறுவதைக் காண சுப்புராயனே ஒரு ஜீப் நிறைய ஆள் ஏற்றி வந்திருந்தான், இலவசமாக அல்ல. பின்னாலேயே, அம்சவள்ளி பின்பலகையில் தொங்க, தனசேகரன் ஜீப் வந்து நின்றது. பலகையில் சிவப்புக் கண் எரிந்தது. "முனியே!" என்று கூட்டம் கும்பிட்டது. பூசாரி கையை நீட்டினார்.

"சாவி."

"தர்றோம் சாமி" என்று முன்னே வந்தாள் பெரியநாயகி. "ஒரு சந்தேகம். முனி வண்டில கீறாரா, இந்தப் பித்தளை சுவிட்சுல கீறாரா?"

பூசாரி சிரித்தார். "சுவிட்சு வெறும் பித்தளைம்மா. அவரு வண்டி முழுக்க கீறாரு. அச்சுல, சக்கரத்துல, எஞ்சின்ல."

"சுவிட்ச கழட்டினா எறங்கிடுவாரா?"

"நானே சொன்னாத்தான் எறங்குவாரு!"

"அப்ப உங்க மச்சான் வண்டி சுவிட்ச இதுலயும், இதுல கீற சுவிட்ச அதுலயும் மாத்திப் பாக்கலாம். முனி எங்கயும் போவமாட்டாரு இல்ல?"

சுப்புராயன் தன் ஜீப்பின் முன்னால் போய்க் கையை விரித்து நின்றான். "என் வண்டில கைய வைக்காதீங்க!"

"வெறும் பித்தளைன்னு சாமியே சொல்றாரு. உனக்கு இன்னாய்யா பயம்?" என்றாள் அவள். "அதானே!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "வுடுய்யா, முனியோட பவர அவங்களும் பாக்கட்டும்" என்றது இன்னொன்று. பக்தர்களே தள்ளிவிட, சுப்புராயன் நகர்ந்தான்.

பக்கீர் முகமது அவசரப்படவில்லை. சட்டையில் கொஞ்சம் எண்ணெய் வழிந்தது. இரண்டு சுவிட்சும் இடம் மாறின. இரண்டு எஞ்சினும் சூடாகவே இருந்தன.

தனசேகரன் வண்டியைக் கிளப்பினான். விளக்கு இல்லை. "பதுங்கிட்டாரு!" என்று பூசாரி தயாராக வைத்திருந்ததை எடுத்து விட்டார்.

சுப்புராயன் வண்டியைக் கிளப்பினார்கள். பளிச்!

பூசாரி உடுக்கையை எடுத்தார். "முனி... முனி வண்டி மாறிட்டாரு! இது அவரோட வெளையாட்டு!"

"கும்பிட்டுக்கறோம் சாமி" என்றாள் பெரியநாயகி. "அப்ப உங்க மச்சான் சாவிய மரத்துல வைக்கச் சொல்லுங்க. முனி வண்டிய முனிக்காக எங்க வூட்டுக்காரரு ஓட்டுவாரு. இல்லன்னா வளைவுல உருட்டிடுவாருன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சாவிய வையி சுப்புராயா!" என்று கூட்டம் கத்தியது. பக்தி குறையவில்லை, திசைதான் மாறியிருந்தது. இரண்டு பேர் அவன் சட்டைப் பையைத் தடவவும் ஆரம்பித்தார்கள்.

"யோவ் மாமா!" என்று அலறினான் சுப்புராயன். "முனியாவது மண்ணாவது! இது ஆயில் சுவிட்சுய்யா! நீ லாரில கிளீனரா இருக்கசொல்ல இத எத்தினி மாத்தினன்னு நீதான சொன்ன? ஆறவச்சா அணையும், அதுவரைக்கும் ஆடிக்கினு இருக்கணும்னு சொன்னதும் நீதான? இப்ப என் வண்டிய கேட்டா வாய மூடிக்கினு நிக்கிற!"

தன் வண்டி போகிறது என்றதும் மனிதனுக்கு எவ்வளவு சீக்கிரம் அறிவு வருகிறது! அடுத்தவன் வண்டி போனபோது அது எங்கே போயிருந்தது என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. எல்லோரும் பூசாரியைத் தேடினார்கள். அவர் உண்டியலை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறக்கத்தில் நடக்கத் தொடங்கியிருந்தார். நாலைந்து பேர் ஓடிப்போய் உண்டியலை மட்டும் திருப்பி வாங்கி வந்தார்கள். இரண்டு ஜீப்பிலும் அவருக்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

பக்கீர் முகமது பையிலிருந்து ஒரு புதுச் சுவிட்சை எடுத்தார். "சுப்புராயா, இது தனசேகரனுக்குன்னு கொண்டாந்தது. இப்ப உனக்குத்தான் தேவைப்படுது. வாங்கிக்கிறியா, இல்ல ஆடிக்கினே ஓட்டுறியா?"

சுப்புராயன் வாங்கிக்கொண்டான்.

தனசேகரன் முன் சீட்டின் பக்கம் போய் நின்றான். கொஞ்சம் தயங்கினான். பிறகு எலுமிச்சம்பழத்தை எடுத்து அணைப் பக்கமாக வீசினான். மஞ்சள் துணியை உதறி, அதனாலேயே சீட்டைத் துடைத்தான்.

"அம்சவள்ளி, கொழந்தைய எடுத்துக்கினு முன்னாடி வா."

அவள் ஏறி உட்கார்ந்தாள். ரத்தம் கக்கவில்லை. குழந்தை மட்டும் கொஞ்சம் பால் கக்கியது.

படிக்க இடம் கொடு, வேலையில் இடம் கொடு என்று ரோட்டில் உட்கார்ந்து உயிரையும் கொடுத்துக் கேட்ட ஜனங்கள் இவர்கள். நியாயமான கேள்வி, யாரிடம் கேட்க வேண்டுமோ அவர்களிடமே கேட்டார்கள். அரசாங்கத்தையே கேள்வி கேட்ட அதே வாய்தான், ஒரு பழைய லாரிக் கிளீனர் உடுக்கையைத் தூக்கியதும் மூடிக்கொண்டு, கையிலிருந்த ஒரே முன் சீட்டைப் பழத்துக்குக் கொடுத்தது. கெட்டுப்போன சுவிட்சைக் கழற்ற பாய் கடையில் ஸ்பேனர் கிடைக்கிறது. தலைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிற சுவிட்சுக்கு எந்தக் கடையிலும் ஸ்பேனர் இல்லை ஐயா. அதை அவரவரே கழற்ற வேண்டும்!