அவளுக்காக வாங்கிய கீபோர்டு

பதினோரு சனிக்கிழமையாக நான் கடைசியில் வந்துகொண்டிருந்தேன். வாழ்க்கையில் அல்ல. அதில் எனக்குக் கடைசிக்கு முந்தின இடம் நிரந்தரம். நான் சொல்வது கம்ப்யூட்டரில் ஓட்டும் கார்ப் பந்தயம். எங்கள் அலுவலகத்தில் ஆறு பேர், சனிக்கிழமை சாயங்காலம் அவரவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் முந்துவோம். அதாவது ஐந்து பேர் என்னை முந்துவார்கள்.

எங்கள் பிழைப்பு லிஃப்ட் பராமரிப்பு. எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில், யார் மாட்டிக்கொண்டார்கள் என்று போனில் கேட்டு, மெக்கானிக்கை அனுப்பி வைப்பது என் வேலை. நாளெல்லாம் மேலே கீழே என்று பேசிக்கொண்டிருப்பவனுக்கு வாரத்தில் ஒரு நாளாவது நேராகப் போக ஆசை வராதா? வந்தது. என் கார்தான் நேராகப் போகவில்லை. முதல் வளைவிலேயே வேலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

உதிரி பாகப் பிரிவில் இருப்பவரைப் புயல் என்று கூப்பிடுவோம். கோப்பு எடுத்துவரச் சொன்னால் ஆமை, பந்தயத்தில் புயல். அவர் ஒரு நாள் என்னைத் தனியாக அழைத்து, "தப்பு உங்க மேல இல்ல சார். உங்க கீபோர்டு மேல" என்றார்.

தப்பு என் மேல் இல்லை. கல்யாணமான இருபது வருஷத்தில் இந்த வாக்கியத்தை நான் யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை. அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டேன், விளையாட்டுக்கென்றே செய்த கீபோர்டு ஒன்று வாங்கியே தீருவது என்று.

கடைக்காரர் ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தார். இது சத்தம் போடும் ரகம், இது சத்தம் போடாத ரகம். இது பூப்போல அழுந்தும், இது கொஞ்சம் முரண்டு பிடித்து அழுந்தும். பத்துப் பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்தினாலும் பத்தும் பதிவாகுமாம். நான் இரண்டு விரலால் தட்டுகிறவன். மீதி எட்டு விரலுக்கும் வேலை கிடைக்கப்போகிறதே என்று அவற்றைப் பார்த்துக்கொண்டேன். அடியில் ஏழு வண்ணத்தில் விளக்கு எரிந்தது. விளக்கால் கார் வேகமாகப் போகுமா என்று கேட்டேன். போகாது, ஆனால் போவது போலத் தெரியும் என்றார். நேர்மையான மனுஷர். சத்தம் போடும் ரகத்தையே வாங்கினேன். வீட்டில் என் சார்பில் ஏதாவது ஒன்று சத்தம் போடட்டுமே.

வழியெல்லாம் பொய்யைத் தயார் செய்துகொண்டே வந்தேன். அலுவலகத்தில் எல்லாருக்கும் கொடுத்தார்கள், எனக்கும் கொடுத்தார்கள். எளிமையான பொய். ஓட்டை இல்லாத பொய். கதவைத் திறந்த மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் இருந்த பையைப் பார்த்தாள். பையில் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பைக்குள்ளிருந்து பில் வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க அது?"

பொய் வழியிலேயே இறங்கிப் போய்விட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன். "உனக்குத்தான்."

இங்கே என் மனைவியின் தொழிலைச் சொல்லியாக வேண்டும். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். பகலில் அவளுக்கு, சாயங்காலம் எனக்கு. இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் பையிலிருந்து பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, இத்தனை வருஷமாகத் தட்டுகிறேன், என் விரலைப் பற்றி யோசித்த முதல் ஆள் நீங்கள்தான் என்றாள். குரல் தழுதழுத்தது. நான் உலகத்தின் மிகச் சிறந்த கணவனாக நாலு நிமிஷம் இருந்தேன். ஐந்தாவது நிமிஷம் அவள் பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகினாள்.

"மெக்கானிக்கல்னு போட்டிருக்கே, கெட்டுப்போனா உங்க லிஃப்ட் மெக்கானிக்கே பாத்துடுவாரா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் தட்ட ஆரம்பித்தாள். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்தது போல இருந்தது. பத்து விரலும் வேலை செய்தன. எனக்கு என் எட்டு விரல்களை நினைத்துப் பாவமாக இருந்தது.

சாயங்காலம் கிடைக்கும் என்று பொறுத்திருந்தேன். கிடைக்கவில்லை. புதுக் கீபோர்டில் வேலை சீக்கிரம் முடிந்தது. சீக்கிரம் முடிந்ததும் அவளுக்கு வேலை தரும் கம்பெனி இன்னும் கொஞ்சம் அனுப்பியது. அதையும் முடித்தாள். இன்னும் அனுப்பினார்கள். வேகத்தைக் கூட்டும் என்று பெட்டியில் போட்டிருப்பது உண்மையா என்று யாராவது கேட்டால் நான் தயங்காமல் சொல்வேன், அத்தனையும் உண்மை, அது வேகத்தைக் கூட்டும். யாருடைய வேகத்தை என்றுதான் பெட்டியில் போடவில்லை. அதில் நூற்றுச் சொச்சம் கீ இருந்தது. இருந்தும் எங்கள் வீட்டில் கீ கொடுக்கிறவள் ஒருத்திதான்.

சனிக்கிழமையும் போயிற்று. புயல் போன் செய்து, ஏன் சார் வரவில்லை, கடைசியில் வர ஆளில்லாமல் பந்தயம் களைகட்டவில்லை என்றார்.

அப்போதுதான் ஒரு யோசனை செய்தேன். கீபோர்டின் பலவீனம் அதன் சத்தம். அதிலேயே அடிப்பது. மனைவியிடம் போய், வருத்தமான முகத்தோடு, மாடி வீட்டு அம்மாவைப் படிக்கட்டில் பார்த்ததாகவும், இந்தச் சத்தத்தில் தலைவலி தாங்கவில்லை என்று அவர் சொன்னதாகவும் சொன்னேன். நீ பழையதிலேயே வேலை செய், இதை நான் எப்போதாவது தொட்டுக்கொள்கிறேன் என்றும் சேர்த்தேன். அவள் பதறிப்போனாள். அடுத்தவருக்குத் தொந்தரவா என்று எழுந்தவள், நேராக மாடிக்குப் போனாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஐந்து நிமிஷத்தில் மாடி வீட்டு அம்மாவோடு இறங்கி வந்தாள். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். தான் ஒரு மாதமாகத் தங்கை வீட்டில் இருந்துவிட்டு அன்று காலைதான் வந்ததாகவும், என்னோடு படிக்கட்டில் பேசியது யார் என்று தெரிந்துகொள்ள விரும்புவதாகவும் சொன்னார். பிறகு உட்கார்ந்து கீபோர்டைத் தட்டிப் பார்த்தார். அருமையாக இருக்கிறது, எங்கள் வீட்டுக்காரருக்கு இப்படி ஒன்று வாங்கித்தர எப்போது தோன்றப்போகிறதோ என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே போனார். மாடி வீட்டுக்காரர் அதற்கப்புறம் எனக்கு வணக்கம் சொல்வதில்லை.

மனைவி என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. உங்களுக்கும் ஆசை இருக்கும்தான், தினமும் மதியம் அலுவலகத்திலிருந்து எனக்குச் செய்தி அனுப்பிக் கேளுங்கள், கம்ப்யூட்டரிலேயே பார்த்துப் பதில் போடுகிறேன், வேலை இல்லாத நாளில் தருகிறேன் என்றாள். இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா?

மறுநாள் மதியம் கேட்டேன். அடுத்த வினாடி பதில் வந்தது. "இன்னிக்கு வேலை கொஞ்சம் கூடுதலா இருக்குங்க. நாளைக்குக் கண்டிப்பா நீங்க எடுத்துக்கோங்க. நேரத்துக்குச் சாப்பிட்டீங்களா? வெயில்ல அலையாதீங்க."

நான் உருகிப்போனேன். கீபோர்டு கிடைக்காவிட்டால் என்ன, இத்தனை வேலைக்கு நடுவிலும் என் சாப்பாட்டை நினைக்கிறாளே. அடுத்த நாளும் கேட்டேன். அதே அன்பு. அதற்கடுத்த நாளும். பக்கத்து மேஜைக்காரரிடம்கூடக் காட்டினேன். அவர் தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். மூன்று வாரம் நான் பந்தயம் இல்லாமல், பாசத்தில் ஓடினேன்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போயிருந்தாள். கம்ப்யூட்டர் காலியாக இருந்தது. தொட்டுப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன். கீபோர்டின் இடது ஓரத்தில் தனியாக ஐந்து பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் குட்டியாகத் தாள் வெட்டி ஒட்டியிருந்தாள். சர்க்கரை. முதுகுவலி. மூட்டு. ஒரு வாரம் கழித்து வரவும். சர்க்கரையை அழுத்தினேன். திரையில் சர்க்கரை நோயாளிக்கான அறிவுரை ஒரு பத்தி முழுசாக வந்து விழுந்தது. சமர்த்துதான். டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதை ஒருமுறை பதிந்து வைத்துவிட்டால், அப்புறம் ஒரே தட்டு.

ஐந்தாவது பொத்தானில் "அவர்" என்று எழுதியிருந்தது.

அழுத்தினேன்.

இன்னிக்கு வேலை கொஞ்சம் கூடுதலா இருக்குங்க. நாளைக்குக் கண்டிப்பா நீங்க எடுத்துக்கோங்க. நேரத்துக்குச் சாப்பிட்டீங்களா? வெயில்ல அலையாதீங்க.

சந்தேகத்துக்கு இன்னொரு முறை அழுத்தினேன். இன்னொரு முறையும் சாப்பிட்டேனா என்று கேட்டது.

அவள் வந்ததும் பிடித்துக்கொண்டேன். என் கோபத்துக்கு ஒரு நியாயம் இருந்தது, கிட்டத்தட்ட முதல் தடவையாக. அவள் பையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"அதுல எது பொய்? தினமும் வேலை இருந்துச்சுல்ல?"

"சாப்பிட்டீங்களான்னு கேட்டது?"

"மனசாரத்தாங்க கேட்டேன். நான் ஒரு தடவை கேட்டேன், அது தினமும் கேக்குது."

உனக்கென்று ஆசையாக வாங்கி வந்தவனை இப்படியா நடத்துவது என்றேன். என்னிடம் இருந்த கடைசி ஆயுதம் அது.

"பெட்டி மேல நெருப்புக் கக்கிட்டுப் போற கார் படம் இருந்துச்சு" என்றாள். "எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கே பாவமாகப் போய்விட்டது போலிருக்கிறது. பக்கத்தில் வந்து, சரி விடுங்க, அந்தத் தாளைக் கிழித்துவிடுகிறேன், இனிமேல் ஒவ்வொரு நாளும் என் கைப்படவே அடித்து அனுப்புகிறேன் என்றாள். என் கண் முன்னாலேயே கிழித்தும் போட்டாள்.

திங்கட்கிழமை மதியம் கேட்டேன். அரை நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. அந்த அரை நிமிஷமே எனக்கு இனித்தது. "இது நானே அடிச்சதுங்க. உங்களை மாதிரி ஒருத்தர் கிடைக்க நான் குடுத்து வெச்சிருக்கணும். இன்னிக்கு மட்டும் பொறுத்துக்கோங்க." பக்கத்து மேஜைக்காரரிடம் மறுபடியும் காட்டினேன்.

செவ்வாய்க்கிழமையும் அவளே அடித்திருந்தாள், ஒரு புள்ளிகூட மாறாமல், ஒரே வினாடியில்.